பற்றும் வரவும்: அந்நிய ராணுவம் கொடுக்கும் இழப்பீடு

ஒரு நாட்டுச் சிப்பாய் இன்னொரு நாட்டுக்குப் போய், போர் எதுவும் நடக்காத இடத்தில், அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கொன்றுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை யார் விசாரிப்பது? செத்தவர் குடும்பத்துக்கு யார் பணம் கொடுப்பது? எவ்வளவு?

இந்த மூன்று கேள்விகளும் தனித்தனி போலத்தான் தெரியும். ஆனால் கடந்த நூறு வருடக் கதையைப் புரட்டிப் பார்த்தால் மூன்றும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. அதிலும் 'எவ்வளவு' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்ததும், 'யார் விசாரிப்பது' என்ற கேள்வியைப் பெரும்பாலும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுகிறார்கள்.

2012ல் கேரளக் கடலில் இத்தாலியக் கடற்படை வீரர்கள் இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஊரை விட்டு வெகுதூரத்தில் இருக்கும் நாம் படித்த ஆங்கிலப் பத்திரிகைகளில் 'கேரள மீனவர்கள்' என்றுதான் அடிக்கடி வந்தது. இறந்த இருவரில் ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். படகின் சொந்தக்காரரும் குமரிக்காரர்தான். ஆகவே இது நம் வீட்டுக் கதையும்கூட. ஆனால் கதையை அங்கிருந்து ஆரம்பித்தால் பாதிதான் புரியும். அதற்குப் 14 வருடம் முன்னால், இத்தாலியில் ஒரு மலை ஊரில் ஆரம்பிக்க வேண்டும்.

அறுந்த கம்பி

1998 பிப்ரவரி 3. வடக்கு இத்தாலியில் கவலேசே என்ற ஊர். பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்கள் மலைக்கு மேலே போவதற்குக் கம்பி வண்டி (நம் பழனி ரோப் கார் மாதிரி, ஆனால் பெரியது) ஓடுகிறது. பக்கத்தில் அவியானோ என்ற இடத்தில் உள்ள விமானத் தளத்திலிருந்து அமெரிக்க மரைன் படையின் ஒரு ஜெட் விமானம் பயிற்சிக்காகக் கிளம்பியது. அந்தப் பகுதியில் 2,000 அடிக்குக் கீழே பறக்கக் கூடாது என்பது விதி. விமானம் கம்பியை அறுத்தது சுமார் 360 அடி உயரத்தில். வண்டி பள்ளத்தாக்கில் விழுந்து உள்ளே இருந்த 20 பேரும் இறந்துபோனார்கள். ஜெர்மனி, பெல்ஜியம், இத்தாலி, போலந்து, ஆஸ்திரியா, நெதர்லாந்து என்று ஆறு நாட்டுக்காரர்கள். விமானம் மட்டும் பத்திரமாகத் தரை இறங்கிவிட்டது.

இத்தாலி கொந்தளித்தது. விமானியை இங்கேயே விசாரிக்க வேண்டும் என்று இத்தாலிய அரசு வழக்கறிஞர்கள் கேட்டார்கள். முடியவில்லை. 1951ல் நேட்டோ நாடுகள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தன. பணியில் இருக்கும்போது ஒரு படைவீரர் செய்த குற்றத்தை விசாரிக்கும் முதல் உரிமை அவரை அனுப்பிய நாட்டுக்குத்தான் என்று அதன் 7வது பிரிவு சொல்கிறது. ஆகவே விசாரணை அமெரிக்காவில், வட கரோலினாவில், ராணுவ நீதிமன்றத்தில் நடந்தது. 1999 மார்ச்சில் விமானி குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வந்தது. அப்போது இத்தாலியப் பிரதமர் மாசிமோ டி'அலெமா அமெரிக்காவுக்கு வந்திருந்தார். அவருக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். (விமானத்தில் எடுத்த வீடியோ நாடாவை அழித்ததற்காக அந்த விமானிக்குப் பின்னால் 6 மாதத் தண்டனை கிடைத்தது, வேலையும் போனது. ஆனால் அந்தத் தண்டனை 20 உயிருக்காக அல்ல, ஒரு நாடாவுக்காக.)

பணம் என்ன ஆயிற்று? இறந்தவர்களின் குடும்பங்களுக்காக 4 கோடி டாலர் ஒதுக்கும் யோசனை அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்து, 1999 மே மாதம் கைவிடப்பட்டது. கடைசியில் அந்த வருடம் டிசம்பரில் இத்தாலிய நாடாளுமன்றமே ஒரு சட்டம் போட்டு, இறந்தவர் ஒருவருக்குச் சுமார் 19 லட்சம் டாலர் என்று கொடுத்தது. அன்றைய மாற்று விகிதத்தில் நம் ரூபாயில் சுமார் 8 கோடி. இதில் முக்கால் பங்கை அமெரிக்கா இத்தாலிக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், கொடுத்தது.

ஏன் முக்கால் பங்கு? அதுவும் அதே 1951 ஒப்பந்தம்தான், 8வது பிரிவு. வெளிநாட்டுப் படையால் ஒருவருக்குப் பாதிப்பு என்றால், அவர் தன் சொந்த நாட்டு அரசிடமே மனு கொடுக்கலாம். சொந்த நாட்டு ராணுவம் செய்திருந்தால் என்ன சட்டமோ அதே சட்டப்படி கணக்குப் போடுவார்கள். கொடுத்த தொகையில் அனுப்பிய நாடு 75 சதவீதம், இடம் கொடுத்த நாடு 25 சதவீதம். பாதிக்கப்பட்டவர் வெளிநாட்டு ராணுவ அலுவலக வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. தன் அரசு கொடுத்துவிடும், அரசும் அரசும் பிறகு கணக்கைச் சரிசெய்துகொள்ளும். வங்கியில் இருக்கிறவனுக்கு இது உடனே புரியும். வாடிக்கையாளருக்கு முதலில் பணம் போய்விட வேண்டும், கிளைக்கும் கிளைக்கும் நடுவே உள்ள கணக்கை அப்புறம் நேர் செய்துகொள்ளலாம்.

ஒப்பந்தம் இல்லாத இடங்களில்

இந்த ஏற்பாடு நேட்டோவுக்கு முன்பே ஆரம்பித்த விஷயம். முதல் உலகப்போரில் ஐரோப்பாவுக்குப் போன அமெரிக்கப் படைகள் செய்த சேதத்துக்குப் பணம் கொடுக்க 1918 ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1942 ஜனவரி 2ஆம் தேதி 'வெளிநாட்டுக் கோரிக்கைகள் சட்டம்' போட்டார்கள். அந்தச் சட்டம் தன் நோக்கமாகச் சொல்வது, வெளிநாட்டு மக்களோடு நல்லுறவை வளர்ப்பது. கவனியுங்கள், பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் செய்வது என்று இல்லை, நல்லுறவு!

இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. சண்டையின்போது ஏற்பட்ட சேதத்துக்கு இதன் கீழ் பணம் கிடையாது. ராணுவ லாரி சந்தையில் ஒருவர் மேல் ஏறினால் கோரிக்கை செல்லும். அதே ஆளைச் சோதனைச் சாவடியில் தவறுதலாகச் சுட்டுவிட்டால் அது 'சண்டை', கோரிக்கை செல்லாது. இராக்கில் இப்படித் தள்ளுபடியான குடும்பங்களுக்கு 'இரங்கல் தொகை' என்று ஒன்று கொடுத்தார்கள். வழக்கமான உச்சவரம்பு ஓர் உயிருக்கு 2,500 டாலர். அன்றைய நம் ரூபாயில் ஒரு லட்சத்துச் சொச்சம். அதையும் தவறை ஒப்புக்கொண்டு கொடுக்கவில்லை. அனுதாபம், அவ்வளவுதான். 2007ல் ஏ.சி.எல்.யு. என்ற அமெரிக்க உரிமை அமைப்பு, தகவல் பெறும் சட்டத்தைப் பயன்படுத்தி இப்படிப்பட்ட சுமார் 500 மனுக்களின் கோப்புகளை வாங்கி வெளியிட்டது. 'சண்டை' என்ற ஒரே வார்த்தையில் எத்தனை மனுக்கள் மூடப்பட்டன என்பது அதில் தெரிந்தது.

ஜப்பானில் 1957ல் நடந்தது கொஞ்சம் வேறு மாதிரி. துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தில் காலித் தோட்டாக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் ஏழைப் பெண்ணை அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் சுட்டுக் கொன்றார். அமெரிக்கா அவர் குடும்பத்துக்குக் கொடுத்தது 1,748 டாலர் சொச்சம். ஆனால் ஜப்பான் விடவில்லை. இது பணி நிமித்தமான செயலே அல்ல, ஆளை எங்களிடம் கொடுங்கள் என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் ஜப்பானிய நீதிமன்றமே அவரை விசாரித்துக் குற்றவாளி என்று சொன்னது. தண்டனை என்னவோ 3 வருடம், அதுவும் நிறுத்தி வைக்கப்பட்டது. இருந்தாலும், பணமும் கிடைக்கலாம், சம்பவம் நடந்த நாட்டிலேயே விசாரணையும் நடக்கலாம் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

இப்போது அரபிக் கடலுக்கு வருவோம்.

செயின்ட் ஆண்டனி

சோமாலியக் கடற்கொள்ளையர்கள் உச்சத்தில் இருந்த காலம் அது. கப்பல் நிறுவனங்கள் 'அதிக ஆபத்துப் பகுதி' என்று வரைபடத்தில் ஒரு கோடு போட்டிருந்தன. 2010ல் அந்தக் கோட்டைக் கிழக்கே 78 பாகை வரை தள்ளினார்கள். கொல்லம் இருப்பது 76½ பாகையில். அதாவது நம் மீனவர்கள் தினமும் வலை போடும் மேற்குக் கடற்கரை முழுவதும் கொள்ளையர் பகுதி ஆகிவிட்டது! கோட்டுக்கு உள்ளே வரும் கப்பலுக்கு இன்சூரன்ஸ் கூடும், ஆயுதக் காவலும் ஏறும். 2011ல் இத்தாலி ஒரு சட்டம் கொண்டுவந்து, தன் வணிகக் கப்பல்களில் கடற்படை வீரர்களையே காவலுக்கு ஏற்றியது.

2012 பிப்ரவரி 15 மாலை. இலங்கையிலிருந்து ஜிபூட்டி நோக்கிப் போய்க்கொண்டிருந்த 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் அப்படி 6 வீரர்கள் இருந்தார்கள். கரையிலிருந்து சுமார் 20½ கடல் மைல் தூரம். எதிரே 'செயின்ட் ஆண்டனி' என்ற மீன்பிடிப் படகு, கொல்லம் பக்கம் நீண்டகரையிலிருந்து கிளம்பி ஒரு வாரமாகக் கடலில் இருந்தது. படகில் 11 பேர். பெரும்பாலானவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கப்பலிலிருந்து சுட்டதில் இரண்டு பேர் அங்கேயே இறந்தார்கள். கொள்ளையர் என்று நினைத்தோம், எச்சரித்தும் படகு விலகவில்லை என்பது இத்தாலியின் பதில். படகில் ஆயுதம் எதுவும் கிடையாது.

கப்பலைக் கொச்சிக்கு வரவழைத்து, பிப்ரவரி 19 அன்று இரண்டு வீரர்களைக் கேரள போலீஸ் கைது செய்தது. 14 வருடம் முன்னால் அமெரிக்கா சொன்னதை அன்றிலிருந்து இத்தாலி சொல்ல ஆரம்பித்தது: இவர்கள் எங்கள் படைவீரர்கள், பணியில் இருந்தார்கள், எங்கள் நாட்டில்தான் விசாரிக்க வேண்டும். கவலேசேயில் அதே வாதத்தைக் கேட்டு வயிறு எரிந்த நாடு! பேரேட்டில் அன்று வரவுப் பக்கம் இருந்தவர்கள் இன்று பற்றுப் பக்கம் வந்துவிட்டார்கள், வாதம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கருணைத் தொகையா, இழப்பீடா?

2012 ஏப்ரலில் இத்தாலி இறந்தவர்களின் இரண்டு குடும்பங்களோடும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. குடும்பத்துக்கு 1 கோடி. படகுக்காரருக்கு 17 லட்சம். அதற்குப் பெயர் கருணைத் தொகை. மனமுவந்து கொடுப்பது, கடமை என்று ஒப்புக்கொண்டு கொடுப்பது அல்ல. பதிலுக்குக் குடும்பத்தார் வழக்கிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும்.

அந்த மாதக் கடைசியில் இது உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தபோது நீதிபதிகள் கடுமையாகவே கண்டித்தார்கள். பி.காம். படித்தவர்களுக்கு 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 23வது பிரிவு நினைவிருக்கும். பொதுநலனுக்கு விரோதமான நோக்கம் கொண்ட ஒப்பந்தம் செல்லாது. கொலை வழக்கைப் பணம் கொடுத்து வாபஸ் வாங்க வைப்பது என்பது பாடப் புத்தகத்தில் வருகிற உதாரணம். கொலை என்பது செத்தவர் குடும்பத்துக்கும் கொன்றவருக்கும் நடுவே உள்ள கடன் பாக்கி அல்ல. அது அரசு நடத்தும் வழக்கு. அதைத் தள்ளுபடி செய்யும் உரிமை குடும்பத்துக்கே கிடையாது.

அதற்காகப் பணத்தை வாங்கிய குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சம்பாதிக்கிற ஆள் போய்விட்டார். வழக்கு எத்தனை வருடம் இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது. எதிரே நிற்பது ஒரு நாட்டு அரசாங்கம். அந்த இடத்தில் நாமாக இருந்தாலும் வாங்கியிருப்போம். அப்படி ஒரு நிலையில் ஒரு குடும்பத்தைத் தனியாகப் பேரம் பேச விட்டதுதான் தப்பு. நேட்டோ ஒப்பந்தத்தின் 8வது பிரிவு மாதிரி ஒன்று இந்தியாவுக்கும் இத்தாலிக்கும் நடுவே இருந்திருந்தால் அவர்கள் கலெக்டர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பத்திரிகையில் வந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேரளாவுக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்கட்டும் என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேர்தலில் ஓட்டுப் போட ஊருக்குப் போன இரண்டு வீரர்களையும் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று மார்ச்சில் இத்தாலி அறிவித்தது. இத்தாலியத் தூதர் இந்தியாவை விட்டுப் போகக் கூடாது என்று நம் நீதிமன்றம் உத்தரவு போட்டது. வீரர்கள் திரும்பி வந்தார்கள், அதை எதிர்த்து இத்தாலிய வெளியுறவு அமைச்சர் ராஜினாமா செய்தார். பிறகு 2014ல் ஒருவர் உடல்நிலை காரணமாகவும், 2016ல் இன்னொருவரும் இத்தாலிக்குப் போனார்கள். விசாரணை ஆரம்பிக்கவே இல்லை.

ஹேக் சொன்ன தீர்ப்பு

2015ல் இத்தாலி இந்த வழக்கை ஐ.நா. கடல் சட்டத்தின் கீழ் சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனது. 2020 மே 21ஆம் தேதியிட்ட தீர்ப்பு ஜூலையில் வெளியானது. இரண்டு கட்சிக்கும் ஆளுக்குப் பாதி கிடைத்தது.

முதல் பாதி இத்தாலிக்கு. வீரர்கள் ஓர் அரசின் அலுவலர்களாகப் பணியில் இருந்தவர்கள், அவர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியா விசாரிக்கக் கூடாது. ஐந்து நடுவர்களில் மூவர் அப்படிச் சொன்னார்கள், இருவர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாவது பாதி இந்தியாவுக்கு. இந்தியப் படகின் கடலில் செல்லும் சுதந்திரத்தை இத்தாலி மீறிவிட்டது, ஆகவே இழப்பீடு தர வேண்டும். எதற்கெல்லாம் என்று பட்டியலும் போட்டார்கள்: உயிரிழப்பு, உடல் பாதிப்பு, படகுக்கான சேதம், படகுத் தலைவரும் மற்ற தொழிலாளர்களும் பட்ட மனவேதனை.

2012ல் கருணைத் தொகையாக இருந்தது 2020ல் இழப்பீடு ஆனது. பெயர் மாறினால் என்ன, பணம் பணம்தானே என்று கேட்கலாம். கணக்குத் தலைப்பு மாறினால் எல்லாமே மாறும் என்பது கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தெரியும். நன்கொடை என்று எழுதினால் கொடுத்தவர் பெரிய மனுஷர். பாக்கி என்று எழுதினால் கொடுத்தவர் கடன்காரர். எட்டு வருடம் கழித்து ஒரு சர்வதேசத் தீர்ப்பாயம், இது நன்கொடை அல்ல, பாக்கி என்று எழுதிவைத்தது. இந்த வழக்கில் மீனவர்களுக்குக் கிடைத்த பெரிய விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

10 கோடியும் ஒன்பது பேரும்

தீர்ப்பு வந்ததும் மத்திய அரசு வழக்கை முடித்துவைக்கும்படி உச்ச நீதிமன்றத்தைக் கேட்டது. குடும்பங்களைக் கேட்காமல், போதுமான இழப்பீடு வராமல் மூட மாட்டோம் என்றது நீதிமன்றம். கடைசியில் ஏற்கெனவே கொடுத்த 2.17 கோடி போக, மேலும் 10 கோடி தர இத்தாலி ஒப்புக்கொண்டது. பணம் நீதிமன்றத்தில் வந்து சேர்ந்த பிறகு, 2021 ஜூன் 15 அன்று வழக்கு மூடப்பட்டது. குடும்பத்துக்கு 4 கோடி வீதம் 8 கோடி, படகுக்காரருக்கு 2 கோடி. பணம் கைமாறிப் போய்விடாமல் வாரிசுகளிடமே சேரும்படி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கேரள உயர் நீதிமன்றத்துக்கு.

வங்கியில் வாராக் கடனை 'ஒன் டைம் செட்டில்மெண்ட்' செய்யும்போது ஒரு நடைமுறை உண்டு. பேசிய தொகை முழுதாக வந்து சேர்ந்த பிறகுதான் கோர்ட் கேஸை வாபஸ் வாங்குவோம். உச்ச நீதிமன்றம் செய்ததும் அதுதான். 2012ல் குடும்பத்தோடு தனியாகப் போட்ட உடன்பாட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இந்தத் தடவை அது நீதிமன்றத்தின் கண் முன்னால், அரசு பொறுப்பேற்று நடந்தது. தொகையும் ஐந்து மடங்கு ஆனது, 1 கோடிக்குப் பதில் மொத்தம் 5 கோடி.

ஆனால் படகில் இருந்தது 11 பேர் இல்லையா? இரண்டு பேர் இறந்தார்கள். மீதி ஒன்பது பேர்? பக்கத்தில் இருந்தவர் மேல் குண்டு பாய்ந்ததைப் பார்த்தவர்கள், செத்தவர்களின் உடலோடு கரை திரும்பியவர்கள். மற்ற தொழிலாளர்களின் மனவேதனைக்கும் இழப்பீடு என்று ஹேக் தீர்ப்பில் தெளிவாக இருக்கிறது. 10 கோடியைப் பங்கு போட்டபோது அவர்கள் பெயரில் ஒரு ரூபாய்கூட இல்லை! அவர்களில் சிலர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம், படகுக்காரருக்கு ஒதுக்கிய 2 கோடியிலிருந்து ஒன்பது பேருக்கும் ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. மீதி 1.55 கோடி படகுக்காரருக்கு. இத்தாலி தனியாக எதுவும் கூடுதலாகத் தரவில்லை, உள்ளதையே பிரித்துக் கொடுத்தார்கள். அந்த ஒன்பது பேரில் சம்பவத்தன்று 18 வயது ஆகாத ஒரு பையனும் உண்டு. இந்த உத்தரவு வந்தபோது அவன் உயிரோடு இல்லை.

இத்தாலியில் விசாரணை என்ன ஆனது? 2022 ஜனவரியில் ரோம் நகர நீதிமன்றம் அந்த வழக்கை முடித்து வைத்துவிட்டது. ஆக, கவலேசேயில் 20 உயிருக்கும் நீண்டகரைக் கடலில் இரண்டு உயிருக்கும் கதை ஒரே மாதிரி முடிந்தது. பணம் வந்தது. கொலைக்காக யாருக்கும் தண்டனை இல்லை. கவலேசேயில் ஒரு விசாரணையாவது நடந்தது, இங்கே சாட்சிக் கூண்டில் ஒருவர்கூட ஏறவில்லை.

ஓர் உயிருக்கு எவ்வளவு என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். கவலேசே 8 கோடி. செயின்ட் ஆண்டனி 5 கோடி. இராக் சோதனைச் சாவடி 1 லட்சம் சொச்சம். (வருடம் வேறு, ரூபாய் மதிப்பும் வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வித்தியாசத்தை எந்த விலைவாசிக் குறியீட்டாலும் விளக்க முடியாது.) போன உயிருக்குத் தகுந்த மாதிரி இந்தத் தொகைகள் ஏறி இறங்கவில்லை. முன்னாலேயே எழுதிவைத்த ஒப்பந்தம் இருந்ததா, இல்லையென்றால் செத்தவருக்குப் பின்னால் நிற்கும் அரசு எவ்வளவு கனமானது, இந்த இரண்டும்தான் தொகையைத் தீர்மானித்தன.

நம் பேரேட்டின் மறுபக்கம்

இதோடு நிறுத்திக்கொண்டால் நமக்கு வசதி. இத்தாலியைத் திட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம். ஆனால் இரட்டைப் பதிவு முறையில் பற்று மட்டும் எழுத முடியாது.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். மாகாணங்கள், தேர்தல், ஆயுத ஒப்படைப்பு, திருகோணமலை எண்ணெய்த் தொட்டிகள் எல்லாம் ஒப்பந்தத்திலும் கூடவே பரிமாறிய கடிதங்களிலும் இருக்கின்றன. இந்திய ராணுவம் அங்கே போவதற்கான வழியும் இருக்கிறது. அந்த ராணுவத்தால் ஊர் மக்களுக்குச் சேதம் ஏற்பட்டால் யார், எப்படி, எவ்வளவு கொடுப்பது என்று ஒரு வரி கிடையாது. நேட்டோ நாடுகள் 36 வருடம் முன்பே எழுதிவைத்த விஷயம் இது.

அந்த வருடம் அக்டோபர் 21, தீபாவளி. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்திய ராணுவம் நுழைந்தது. அன்றும் மறுநாளும் நோயாளிகள், நர்சுகள், மூன்று டாக்டர்கள் உட்பட 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உள்ளே இருந்து புலிகள் சுட்டதால் நடந்த சண்டை என்பது ராணுவத் தரப்பு. அங்கே வேலை பார்த்துப் பிழைத்தவர்கள் சொன்னது வேறு. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறை. ராணுவ ரோந்து ஒன்றைப் புலிகள் தாக்கியதற்குப் பிறகு, ஊர்க்காரர்கள் 50க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த மூன்று வருடத்தில் நம் வீரர்களும் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். அவர்கள் குடும்பங்களின் துக்கமும் பெரியதுதான். அதற்குப் பென்ஷன் விதி உண்டு, கோப்பு உண்டு, பெயர் பொறித்த நினைவுத் தூண் உண்டு. ஆஸ்பத்திரி வார்டில் இறந்தவர்கள் மனு கொடுக்க ஒரு விதி இல்லை.

'சண்டையில் நடந்தது' என்ற வார்த்தை இராக்கில் செய்த வேலையைத்தான் யாழ்ப்பாணத்திலும் செய்தது. அங்கேயாவது தள்ளுபடி செய்வதற்கு ஒரு சட்டம் இருந்தது. தள்ளுபடி செய்ய வேண்டுமானால்கூட மனுவை வாங்கிப் படித்து, எண் போட்டு, கோப்பில் வைக்க வேண்டும். அந்தக் கோப்புகளைத்தான் 2007ல் உலகம் படித்தது.

ஹேக்கில் இந்தியா எழுப்பிய கோரிக்கை சரியானது. ஒரு நாட்டின் படைவீரர் இன்னொரு நாட்டின் ஏழையைக் கொன்றால் அது கருணைத் தொகையால் தீர்கிற விஷயம் அல்ல, அது பாக்கி. அந்த வாதத்தில் நாம் ஜெயித்தோம். ஜெயித்த வாதம் நம்மையும் கட்டும்.

இன்றைக்கும் ஐ.நா. அமைதிப் படைக்கு அதிக வீரர்களை அனுப்பும் நாடுகளில் இந்தியா ஒன்று. அங்கே ஐ.நா.வே பொறுப்பேற்கிறது. 1998ல் போட்ட தீர்மானப்படி ஓர் உயிருக்கு உச்சவரம்பு 50,000 டாலர். குறைவுதான், ஆனாலும் வாசல் எங்கே இருக்கிறது என்றாவது தெரியும். இனி எந்த நாட்டோடு ராணுவ ஒப்பந்தம் போட்டாலும், நம் படை அங்கே போனாலும் அவர்கள் படை இங்கே வந்தாலும், சேதத்துக்கான பிரிவு ஒன்றை முதலிலேயே எழுதிவிட வேண்டும். யாரிடம் மனு கொடுப்பது, எத்தனை நாளில் பதில், யார் எத்தனை சதவீதம். கூடவே, பணம் வாங்கினால் விசாரணை போய்விடும் என்று அர்த்தம் இல்லை என்று ஒரு வரி. கடன் கொடுக்கும் முன்பே பத்திரத்தை எழுதி வாங்குகிறோம் இல்லையா, தகராறு வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் யாருக்குப் பலம் அதிகமோ அவர் சொல்வதுதான் பத்திரம்.

2015 டிசம்பரில் அந்த 'அதிக ஆபத்துப் பகுதி'க் கோட்டை 65 பாகைக்கு மேற்கே தள்ளிவிட்டார்கள். இந்தியா விடாமல் கேட்டதால் நடந்தது. குமரி, கொல்லம் மீனவர்கள் வலை போடும் கடல் மறுபடி சாதாரணக் கடல் ஆனது. ஒரு கோட்டை மாற்ற மூன்றே முக்கால் வருடம் ஆனது, ஒரு வார்த்தையை மாற்ற எட்டு வருடம். யாழ்ப்பாணத்துக் கணக்கு முப்பது வருடத்துக்கும் மேலாக எந்தத் தலைப்பிலும் எழுதப்படாமல் நிற்கிறது.

இலங்கையிலிருந்து வந்து நம் ஊர்களில் குடியேறிய குடும்பங்கள் இதைப் படித்தால், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த நாட்களில் எங்கே மனு கொடுத்தார்கள், யார் வாங்கிக்கொண்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.